தவிடு யாருக்கு?



கெட்ட குமாரனின் உவமையை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். தகப்பனிடம் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போன அந்த இளையவன், பஞ்சம் வந்தபோது பன்றி மேய்க்கப் போனான். பன்றிகளுக்குப் போட்ட தீனியையாவது தின்று வயிற்றை நிரப்பலாமே என்று ஏங்கினான். அதையும் அவனுக்குக் கொடுப்பார் இல்லை. கிரேக்க மூலத்தில் அந்தத் தீனி ஒரு மரத்தின் நெற்றுகளைக் குறிக்கும். நம் தமிழ் வேதாகமத்தில் அது தவிடு. நம் ஊர்த் தொழுவத்தை மனத்தில் வைத்தே இந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தார்கள் போலும்.

இந்த உவமையைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் மகன் வீடு திரும்பும் கட்டத்துக்கு விரைந்துவிடுவது என் வழக்கம். இந்த வாரம் அந்தத் தொழுவத்தில் சற்று நிற்போம். ஊரெல்லாம் பஞ்சம், மேய்ப்பவன் பட்டினி, ஆனால் பன்றிக்கு மட்டும் வேளாவேளைக்குத் தீனி. இது எப்படி? விடை எளிது. பன்றிக்கு ஓர் உடைமையாளர் இருந்தார், சந்தையில் அதற்கு ஒரு விலையும் இருந்தது. மேய்க்கிறவனுக்கு இரண்டும் இல்லை.

இதே கேள்வி ஒரு முழுத் தேசத்தின் முன் வந்து நின்ற ஆண்டு ஒன்று உண்டு: 1917. அந்தத் தேசம் டென்மார்க். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது அந்நிய நாடன்று. டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிவைத்த சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்ததும் அங்கேதான். நாம் பள்ளியிலும் சபையிலும் கற்ற டென்மார்க் அந்தக் கோட்டையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த நாட்டின் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நம்மில் அநேகர் அறியோம்.

முதலில் அந்த நாடு பன்றிகளின் நாடான கதையைச் சொல்லவேண்டும். 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தோற்றது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்னும் செழிப்பான பகுதிகளை இழந்தது. அந்தக் காயம் ஆறுமுன்பே அடுத்த அடி விழுந்தது. 1870-களில் அமெரிக்கப் புல்வெளிகளிலும் ருஷ்யாவிலும் விளைந்த மலிவான தானியம் இருப்புப்பாதையிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி ஐரோப்பாவுக்குள் வந்து குவிந்தது. தானியம் விளைவித்து ஏற்றுமதி செய்து பிழைத்த டேனிய விவசாயிக்கு விலை கட்டவில்லை. பல நாடுகள் சுங்கவரி போட்டுத் தங்கள் விவசாயிகளைக் காத்தன. டேனியர்கள் வேறு வழியில் சென்றார்கள். தானியத்தை விற்க முடியாவிட்டால் என்ன, மலிவாக வாங்கலாமே என்று எண்ணினார்கள். வாங்கிய தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் பன்றியிறைச்சியுமாக மாற்றி இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

அதை அவர்கள் செய்த விதம் உண்மையிலேயே அழகானது. 1882-இல் மேற்கு ஜட்லாந்தின் யெட்டிங் என்னும் சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தோன்றியது. பத்து மாடு வைத்திருப்பவரும் ஒரு மாடு வைத்திருப்பவரும் ஒரே தொட்டியில் பாலை ஊற்றினார்கள். வெண்ணெய் எடுத்த பின் எஞ்சிய பால் பண்ணைகளுக்கே திரும்பிப் பன்றிகளின் தொட்டிக்குப் போனது. ஐந்தே ஆண்டுகளில், 1887-இல், ஹோர்சன்ஸ் நகரில் முதல் கூட்டுறவுப் பன்றியிறைச்சி ஆலை எழுந்தது. கூட்டுறவு முறைக்குத் தேவையான பரஸ்பர நம்பிக்கையையும் படிப்பையும் ஊட்டியவை குரண்ட்விக் என்னும் போதகரின் சிந்தனையில் பிறந்த மக்கள் பள்ளிகள். ஆகவே இந்தக் கதையில் நமக்கு வில்லன்கள் இல்லை. நல்ல மனிதர்கள் நல்ல நோக்கத்தோடு ஏழை நாடு ஒன்றை நிமிர்த்தினார்கள். இலண்டன் நகரத்தின் காலை மேசையில் டேனியப் பன்றியிறைச்சி நிலையான இடம் பிடித்தது.

1914-இல் டென்மார்க்கில் மனிதர்கள் முப்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பன்றிகள் ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம். இந்த இரு கூட்டமும் உண்ணும் உணவில் பெரும்பங்கு கப்பலில் வந்தது. மக்காச்சோளம், ரொட்டித் தானியம், எண்ணெய்ப் பிண்ணாக்கு, வயலுக்கு இடும் உரம் எல்லாம் கடல்வழியே வந்தன. கடல் திறந்திருக்கும்வரை இதில் இடையூறு ஒன்றும் தெரியவில்லை.

1917 பிப்ரவரியில் ஜெர்மனி எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கும் நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. நடுநிலை நாடுகளின் வழியே ஜெர்மனிக்குச் சரக்குப் போய்விடக் கூடாதென்று தன் ஏற்றுமதியைச் சில மாதங்களில் அடைத்தது. டென்மார்க் போரிடவில்லை. ஆனால் அதன் களஞ்சியக் கதவு மூடிக்கொண்டது. உள்நாட்டில் விளைந்த பார்லியும் கம்பரிசியும் உருளைக்கிழங்கும் மட்டும் எஞ்சின. குளிர்காலம் வருகிறது. அதுவரை ஒரே களஞ்சியத்திலிருந்து மனிதனும் பன்றியும் உண்டுகொண்டிருந்தார்கள். இனி இருவருக்கும் போதாது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். நம் காலத்துக்கும் அதுவே கணக்கு. பன்றி ஓர் இயந்திரமன்று, உயிர். தின்னும் தீனியின் பெரும்பகுதியை அது தன் உடலைச் சூடாக வைத்திருக்கவும், மூச்சு விடவும், நடக்கவும், எலும்பும் தோலும் வளர்க்கவும் செலவழிக்கிறது. ஒரு சிறு பங்குதான் நம் தட்டுக்கு வரும் இறைச்சியாகிறது. ஆகவே மனிதன் உண்ணத்தக்க தானியத்தைப் பன்றிக்குப் போட்டு, பிறகு பன்றியை உண்பது, பத்துப் பேர் சாப்பாட்டைச் சமைத்து இரண்டு மூன்று பேருக்குப் பரிமாறுவது போன்றது. ஆபிரகாமின் மந்தைகள் நெகேவின் வறண்ட நிலத்தில் மனிதன் உண்ண முடியாத புல்லை மேய்ந்தன. அது வேறு ஏற்பாடு. அங்கே விலங்கு மனிதனுக்குப் போட்டியாக நிற்கவில்லை. டென்மார்க்கில் நின்றது.

அரசு ஆலோசனை கேட்டவர்களுள் ஒருவர் மருத்துவர் மிக்கெல் ஹிண்ட்ஹெடெ. 1862-இல் மேற்கு ஜட்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மருத்துவம் படித்த காலத்தில் மியூனிக் நகரப் பேராசிரியர் கார்ல் வோய்ட் வகுத்த விதியே வேதவாக்காக இருந்தது: உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும்; அதற்கு இறைச்சி தாராளமாக வேண்டும். ஹிண்ட்ஹெடெக்கு இதில் ஐயம் எழுந்தது. அவர் சிறுவயதில் கண்ட கிராமத்தார் கம்பரிசி ரொட்டியும் கஞ்சியும் உருளைக்கிழங்கும் பாலும் உண்டே கடினமாக உழைத்தவர்கள். 1895 முதல் தம்மையும் தம் குடும்பத்தையுமே சோதனைக்கு உட்படுத்தினார். இறைச்சியைக் குறைத்தும் யாரும் சோர்ந்து விழவில்லை. பின்னாளில் அரசே கோப்பன்ஹேகனில் அவருக்கு ஓர் உணவு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தது. அங்கே அவருடைய உதவியாளர் ஒருவர் ஏறத்தாழ 300 நாட்கள் உருளைக்கிழங்கையும் மார்கரினையும் மட்டுமே உண்டு தம் வேலையைத் தொடர்ந்து செய்தார். பாபிலோன் அரண்மனையில் பருப்பும் தண்ணீரும் போதும் என்று பத்து நாள் தவணை கேட்ட தானியேலும் அவன் தோழரும் உங்கள் நினைவுக்கு வருவார்கள். எனக்கும் வந்தது. தானியேலுக்கு அது மனச்சாட்சியின் காரியம், ஹிண்ட்ஹெடெக்குத் தராசின் காரியம் என்னும் வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் சரி.

அவருடைய ஆலோசனை சுருக்கமானது. பன்றிக்குப் போகும் பார்லியையும் கிழங்கையும் மனிதனுக்குக் கொடுங்கள். மாவிலிருந்து தவிட்டைப் பிரித்துக் கால்நடைக்கு அனுப்பாதீர்கள். தவிட்டோடு ரொட்டி சுடுங்கள். தானியத்தைச் சாராயமாக்காதீர்கள்.

பன்றி வளர்ப்பாலேயே செழித்த ஒரு நாட்டிடம் இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஆனால் கடல் மூடியிருந்தது. பன்றிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெட்டப்பட்டன. மாடுகளில் பெரும்பாலானவை தப்பின. ஆகவே பால் நின்றுவிடவில்லை. பீர் உற்பத்தி குறைக்கப்பட்டது. ஒரு குரோனருக்கும் குறைவாக விற்ற சாராயப் புட்டியின் விலை வரியால் பதினொரு குரோனருக்கு உயர்ந்தது. ரொட்டி அளந்து கொடுக்கப்பட்டது. கம்பரிசி மாவு, பார்லி, தவிடு எல்லாம் கலந்த கறுப்பு ரொட்டி அது. நகரத்து ஏழைக்குப் பன்றியிறைச்சி கிடைப்பதே அரிதாயிற்று. மாட்டிறைச்சியைப் பணக்காரரே வாங்க முடிந்தது. ஏறத்தாழ ஒரு முழுத் தேசம் ரொட்டி, கஞ்சி, கிழங்கு, கீரை, பால், கொஞ்சம் வெண்ணெய் என்று ஓராண்டு வாழ்ந்தது. கெட்ட குமாரன் ஏங்கிய அந்தத் தவிடு, இங்கே தொழுவத்திலிருந்து மீண்டு மனிதனின் மேசைக்கு வந்தது.

அந்த ஆண்டில் என்ன நேர்ந்தது? 1917 அக்டோபர் முதல் 1918 அக்டோபர் வரையிலான மரணக் கணக்கை ஹிண்ட்ஹெடெ தொகுத்தார். ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என்று இருந்த மரண விகிதம் 10.4 ஆகக் குறைந்திருந்தது. அதுவரை எந்த ஐரோப்பிய நாட்டிலும் இவ்வளவு குறைந்த விகிதம் பதிவானதில்லை என்று அவர் 1920-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்.

இந்த எண்ணைக் கண்டதும் இறைச்சி தின்னாதவன் சாகமாட்டான் என்று முழங்கத் தோன்றும். அது நேர்மையன்று. அந்த ஆண்டில் இறைச்சியோடு சாராயமும் குறைந்தது. மரணம் குறைந்ததில் அதற்கும் பெரும்பங்கு இருந்திருக்கும் என்று ஹிண்ட்ஹெடெயே ஒப்புக்கொண்டார். ஓராண்டுக் கணக்கை வைத்து உடற்கூறு விதி எழுத முடியாது. அந்தச் சோதனையை அவரும் திட்டமிட்டு நடத்தவில்லை; போர் நடத்தியது. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது, எனக்கு அது போதும்: இறைச்சியை வெகுவாகக் குறைத்துக்கொண்ட ஒரு தேசம் அதனால் நலியவில்லை.

அண்டை நாடான ஜெர்மனியின் கதை நம்மை இன்னும் எச்சரிக்கையாக்கும். அங்கேயும் பேராசிரியர்கள் இதே கணக்கைப் போட்டார்கள். 1915-இன் தொடக்கத்தில் பல லட்சம் பன்றிகள் அவசரமாக வெட்டப்பட்டன. இறைச்சியைப் பதப்படுத்திக் காக்கச் சரியான ஏற்பாடு இல்லை. மிஞ்சிய தானியமும் கிழங்கும் ஏழையின் வீட்டுக்குச் சேர நியாயமான பங்கீடும் இல்லை. 1916-இல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மானியர் கால்நடைக்கென வளர்த்த கோசுக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பிழைக்காமல் போனவர்கள் அநேகர். பன்றிப் படுகொலை என்றே அந்நாட்டு மக்கள் 1915-ஐ நினைவுகூர்ந்தார்கள். விலங்கைக் குறைத்தால் மட்டும் மனிதனுக்கு ரொட்டி வந்துவிடாது. மிஞ்சுவதைப் பகிர்கிற கை வேண்டும். எகிப்தில் யோசேப்பு பஞ்சத்தை முன்னறிந்ததோடு நிற்கவில்லை; பட்டணந்தோறும் களஞ்சியம் கட்டினான், அளந்து கொடுத்தான்.

போர் முடிந்தது. கப்பல்கள் வந்தன. டென்மார்க் தான் கற்றதை என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? மறந்தது. 1930-களின் தொடக்கத்தில் பன்றிகளின் எண்ணிக்கை 1914-இல் இருந்ததைப் போல இருமடங்காயிற்று. எண்ணாகமத்தின் பதினோராம் அதிகாரத்தில் வனாந்தரத்து ஜனங்கள் மன்னாவை வெறுத்துக் கூடார வாசலில் நின்று இறைச்சிக்காக அழுததைப் படித்திருக்கிறீர்கள். பகற்பயணத் தூரத்துக்குக் காடைகள் வந்து விழுந்தன; இரவும் பகலும் வாரிச் சேர்த்தார்கள். அந்த இடத்துக்கு இச்சையின் கல்லறைகள் என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. டேனியர்களை அவர்களோடு ஒப்பிட எனக்கு உரிமையில்லை. நாமும் அவர்கள் செய்ததையே செய்திருப்போம். லெந்து நாற்பது நாளும் இறைச்சியை விலக்கிவிட்டு, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று நாற்பது நாள் கணக்கையும் ஒரே இலையில் தீர்ப்பவர்கள் என் சபையிலும் உண்டு. அந்த இலைகளில் ஒன்று என்னுடையது.

இன்று டென்மார்க்கின் மக்கள்தொகை அறுபது லட்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று கோடிப் பன்றிகள் அங்கே வளர்க்கப்படுகின்றன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு உழவு நிலம். அதில் விளைவதில் பெரும்பகுதி கால்நடைகளின் வயிற்றுக்கே போகிறது. அதுவும் போதாமல் தென் அமெரிக்காவிலிருந்து சோயா வருகிறது.

மூன்று கோடி விலங்குகளின் சாணமும் சிறுநீரும் எங்கே போகும்? வயலுக்கு உரமாகப் போகிறது. பயிர் உறிஞ்சியது போக எஞ்சிய நைட்ரஜன் மழைநீரோடு ஓடையில் இறங்கி, குறுகலான கடற்கழிகளைச் சேர்கிறது. அங்கே பாசி செழிக்கிறது. வெயில் அடியில் இறங்காமல் கடற்புல் மடிகிறது. மடிந்த பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்று தீர்க்கிறது. 1986 இலையுதிர்காலத்தில் கட்டகாட் கடலில் மீனவர்கள் வலையை இழுத்தபோது செத்த இறால்கள் குவியலாக வந்தன. தொலைக்காட்சியில் அதைக் கண்ட நாடு அதிர்ந்தது. மறு ஆண்டே நீர்நிலைகளைக் காக்கும் திட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஓரளவு பயன் கிடைத்தது. போதிய அளவுக்கு இல்லை. 2024 ஏப்ரலில் வைலெ நகரத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடித் தங்கள் கடற்கழிக்கு அடக்க ஆராதனை போன்ற ஒரு சடங்கை நடத்தினார்கள். எத்தனையோ அடக்கங்களை நடத்தியிருக்கிறேன், ஆயினும் ஒரு நீர்ப்பரப்பைக் குழிக்குள் இறக்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவில்தான் இந்தக் கட்டுரைக்கான முதல் குறிப்பை எழுதினேன்.

நீரில் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. காற்றில் நடப்பது தெரிவதில்லை. மாடும் ஆடும் அசைபோடும்போது அவற்றின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமிலவாயுவைப் போல் ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது. 119 நாடுகளில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை உலகத்தின் வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, நமக்குத் தேவையான கலோரிகளில் 18 விழுக்காட்டையும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் மட்டுமே திருப்பித் தருகின்றன. 1917-இல் ஒரு சிறு நாட்டின் களஞ்சியத்தில் தெரிந்த அதே கணக்கு இப்போது பூமியளவு பெரிதாகிவிட்டது. இந்த முறை வெளியிலிருந்து தானியம் கொண்டுவரக் கப்பல் ஏதுமில்லை.

இனி, உங்களில் சிலர் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். போதகரே, எதைத் தின்னலாம், எதைத் தின்னலாகாது என்னும் சட்டத்திலிருந்து அல்லவா கிறிஸ்து நம்மை விடுவித்தார்? உண்மை. யோப்பாவில் வீட்டின்மேல் பேதுரு கண்ட தரிசனத்தை நான் மறுக்கவில்லை. 1522-ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிக் நகரத்து அச்சுக்காரர் ஃபுரோஷௌவரின் வீட்டில் வேலையாட்கள் இறைச்சிக் குழல்களை உண்டார்கள். உடனிருந்த ஸ்விங்ளி தாம் உண்ணாவிட்டாலும், அவர்கள் செய்தது பாவமன்று என்று பிரசங்கித்தார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் அந்த மேசையிலிருந்து வேகம் பெற்றது. 1536-இல் டென்மார்க்கும் சீர்திருத்தத்தை ஏற்றது. சட்டத்துக்கு அஞ்சி ஒருவன் பட்டினி கிடப்பதை அவர்கள் ஒழித்தது சரியே. ஆனால் ஆதித் திருச்சபை புதனும் வெள்ளியும் உபவாசித்தபோது அதில் சட்டத்தைவிடப் பழைமையான ஒரு பழக்கமும் இருந்தது: கிடைக்கிறது என்பதற்காக உண்ணாதிருத்தல். அதைச் சட்டத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. நம் நாட்டுக்கே உரியது. இங்கே இறைச்சி வேண்டாம் என்னும் சொல்லுக்கு நெடுங்கால வரலாறு உண்டு. உண்ணும் உணவை வைத்து மனிதனைத் தீட்டு என்று தள்ளிவைத்த வரலாறு அது. மாட்டிறைச்சி உண்பவரை அடித்துக் கொன்ற செய்திகளையும் நாம் படித்துவிட்டோம். எங்கள் சபைகளில் அநேகருடைய பாட்டன்மார் அந்த அவமதிப்பைச் சுமந்தே ஆலய வாசலுக்கு வந்தவர்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: நான் தூய்மையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் கால் கிலோ மாட்டிறைச்சி வாங்கி ஐந்து பேருக்குக் குழம்பு வைக்கும் தாய்க்கு இந்தக் கட்டுரையில் எந்தப் புத்திமதியும் இல்லை. அவர் பிள்ளைகளுக்கு அதுவே கிடைக்கும் நல்ல புரதம். இந்தியர் ஒருவர் சராசரியாக உண்ணும் இறைச்சி, டேனியர் ஒருவர் உண்பதில் ஒரு சிறு பங்குதான். பூமியைச் சூடாக்கிய மேசைகளில் அவருடைய மேசை இல்லை.

ஆனால் நம்மிலும் வேறு மேசைகள் உண்டு. திருமண விருந்தில் ஒரே இலையில் ஆடு, கோழி, காடை, மீன் என்று நான்கு வகை வைத்து, பாதியைக் குப்பைக்கு அனுப்பும் மேசைகள். தினமும் ஒரு வேளையாவது கோழியில்லாமல் சோறு இறங்காத வீடுகள். அந்தக் கோழி காட்டைக் கொத்தித் தின்று வளர்ந்ததன்று. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கொட்டகைகளில் வளரும் கோழிகளின் தீனி மக்காச்சோளமும் சோயாவும். பெரம்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் மனிதருக்காக நிற்கவில்லை. டேனியர் 1880-களில் தொடங்கிய பாதையில் நாம் இப்போதுதான் கால் வைக்கிறோம். வசதி வந்தவர்கள்தான் முதலில் வைக்கிறோம். ஆகவே வசதி உள்ளவர்களிடம்தான் இதைப் பேசுகிறேன்.

என் வீட்டில் சென்ற லெந்து காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இறைச்சி என்று வைத்துக்கொண்டோம். பெரிய தியாகமாக இதைச் சொல்லவில்லை. என் தாத்தாவின் வீட்டில் மாதத்துக்கு ஒரு முறைதான் கறிக்குழம்பு. முதல் மூன்று வாரம் என் மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டான். மொச்சையும் தட்டைப்பயறும் கருவாட்டு வாசனை இல்லாமலும் ருசிக்கும் என்று கண்டுபிடிக்க என் மனைவிக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு முன்பில்லாத ஒரு மதிப்பு வந்திருக்கிறது. திருமண விருந்துகளில் நான் இன்னும் தடுமாறுகிறேன். வற்புறுத்திப் பரிமாறும் கையை மறுப்பது எனக்குக் கைவரவில்லை.

டென்மார்க் மீண்டும் அந்தப் பழைய கேள்வியின் முன் வந்து நிற்கிறது. இந்த முறை கடலை யாரும் அடைக்கவில்லை. 2021-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டி, வாரத்துக்கு 350 கிராம் இறைச்சி போதும் என்கிறது. 2024-இல் அரசும் விவசாயிகளும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். கால்நடைகள் வெளிவிடும் வாயுவுக்கு 2030 முதல் வரி. உலகில் இதுவே முதல் முறை. டன்னுக்கு 300 குரோனரில் தொடங்கி 2035-இல் 750 ஆகும். பெரும் கழிவு உண்டு, ஆகவே விவசாயி கட்டுவது அதில் பாதிக்கும் குறைவே. போதாது என்று ஒரு சாராரும், எங்களை அழித்துவிடும் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். உழவு நிலத்தில் ஒரு பங்கைக் காடாகவும் ஈரநிலமாகவும் திருப்பிக் கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. 1882-இல் யெட்டிங் கிராமத்தில் ஒரே தொட்டியில் பால் ஊற்றியவர்களின் கொள்ளுப்பேரர்கள்தான் இப்போது எந்த வயலை விட்டுக்கொடுப்பது என்று ஊர் ஊராக உட்கார்ந்து பேசுகிறார்கள்.

அடக்கச் சடங்கு நடந்த அந்த வைலெ கழியிலும் வேலை நிற்கவில்லை. கரையில் தன்னார்வலர்கள் கடற்புல் நாற்றுகளை ஒவ்வொன்றாகக் கட்டிக் கொடுக்க, முக்குளிப்போர் அவற்றை அடியில் கொண்டுபோய் நடுகிறார்கள். நீர் கலங்கியிருந்தால் நட்டது பிழைக்காது. வயலிலிருந்து வரும் நைட்ரஜன் குறைய வேண்டும். நாற்று நடுகிறவர்களுக்கு அது தெரியும்.